கார்க் காசு

விட்ஃபீல்ட்,
விக்டோரியா மாநிலம்,
20 மே 1990

அன்புத் தங்கை ஒர்னெல்லாவுக்கு அண்ணன் தார்சிசியோ எழுதுவது.

நானும் மிலேனாவும் சுகம். அவள் முழங்கால் மட்டும் இந்த மே மாதக் குளிர் வந்ததும் முரண்டு பிடிக்கிறது. உன் பல்வலி எப்படி இருக்கிறது? பிடுங்கினாயா, இல்லை இன்னும் கிராம்பைக் கடித்துக்கொண்டு வீரம் பேசுகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். வருஷா வருஷம் என் திராட்சையை வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி இந்தத் தடவை கையை விரித்துவிட்டது. லாரி வரும் வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பழத்தைக் கொடியிலேயே அழுகவிட மனசு வராமல் எல்லாவற்றையும் நானே பிழிந்து தொட்டிகளில் நிரப்பிவிட்டேன். புகையிலையைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை நட்ட பைத்தியம் என்று ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது இன்னும் நன்றாகச் சிரிக்கும். ஒயின் அருமையாக வந்திருக்கிறது. ஆனால் அடுத்த அறுவடைக்குள் தொட்டிகள் காலியாக வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பழத்தைக் கொட்ட இடமில்லை, தோட்டத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். இன்னும் எத்தனை காலத்துக்கு 'உங்கள் பாட்டிலை நீங்களே கொண்டு வாருங்கள்' என்று உன் சாப்பாட்டுக்கடை ஜன்னலில் பலகை தொங்கவிடுவாய்? ஒயின் விற்க லைசென்ஸ் எடு. இப்போதெல்லாம் கேட்டால் கொடுக்கிறார்களாம். என் ஒயினை உன் மேசைகளில் விற்றுக்கொடு. அப்புறமும் எவனாவது பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தால், கார்க் காசை ஒரு டாலரிலிருந்து எட்டு டாலராக ஏற்றிவிடு. பாட்டிலைத் திறந்து கிளாஸ் வைப்பதற்கு எட்டு டாலரா என்று மிரண்டுபோய், மறுதடவை வெறுங்கையோடு வருவான்.

யோசித்து உடனே எழுது. மிலேனா உனக்கு முத்தங்கள் அனுப்புகிறாள்.

அன்புள்ள அண்ணன்,
தார்சிசியோ


பிரன்ஸ்விக்,
10 ஜூன் 1990

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. நீயே கொடு, அவரை எழுந்து போய் எடுக்கச் சொல்லாதே.

அந்தக் கம்பெனிக்காரன் நாசமாய்ப் போக. லைசென்ஸ் பற்றி யோசிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை இங்கே ஒரு கூத்து. டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஹாலோரன் இருக்கிறாரே, அவர் தன் மனைவியோடு வந்தார். கையில் பாட்டில் இல்லை, குழாய் வைத்த நாலு லிட்டர் அட்டைப்பெட்டி ஒயின். கார்க் காசு கேட்டேன்.

"இதுல கார்க்கே இல்லையேம்மா! குழாயைத் திருகப்போறது நான். உனக்கு எதுக்குக் காசு?"

"கிளாஸை யார் கழுவறது? உங்க குழாயா?"

"அப்படின்னா கிளாஸ் வேண்டாம். டீ கப்புல குடிச்சுக்கறேன்."

"கப்பையும் நான்தான் கழுவணும்!"

கடை முழுக்க இரண்டு கட்சியாகிவிட்டது. நாலு லிட்டர் என்றால் ஐந்து பாட்டில், ஐந்து டாலர் வாங்கு என்றது ஒரு மேசை. கார்க் இல்லாததற்குக் காசு வாங்கினால் கொள்ளை என்றது இன்னொரு மேசை. கடைசியில் எதிரே ஒயின் கடை வைத்திருக்கும் பந்தெலிஸ் சத்தம் கேட்டுத் தெருவைக் கடந்து வந்து தீர்ப்புச் சொன்னார். "பெட்டின்னா தலைக்கணக்கு. எத்தனை வாய் குடிக்குதோ அத்தனை டாலர்." ஹாலோரன் சந்தோஷமாக இரண்டு டாலர் எடுத்து வைத்தார். ஆனால் ஜெயித்த குஷியில் எல்லா மேசைக்கும் போய்க் குழாயைத் திருகி ஊற்றிவிட்டார். நான் விடுவேனா? குடித்த வாயையெல்லாம் எண்ணி அவரிடமே வாங்கினேன்.

பந்தெலிஸ் கிரேக்கர். நல்ல மாதிரி. பாட்டில் கொண்டுவர மறந்தவர்களையெல்லாம் நான் அங்கேதான் அனுப்புகிறேன். சாயங்காலமானால் அவர் கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் என் கடைக்குச் சாப்பிட வருகிறவர்கள்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஒர்னெல்லா


விட்ஃபீல்ட்,
24 ஜூன் 1990

அன்புத் தங்கைக்கு,

உப்பு ஒத்தடம் கொடுத்தேன். மிலேனா இப்போது நடக்கிறாள், அதோடு உன்னைப் புகழ்கிறாள். முதலாவது எனக்குச் சந்தோஷம்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மூன்றரைப் பக்கம் அட்டைப்பெட்டி. லைசென்ஸுக்கு ஒரு வரி. என் பிழைப்பு உனக்கு ஹாலோரன் குழாயைவிடக் கேவலமாய்ப் போயிற்றா?

குடித்துப் பார்க்காமல் எப்படி விற்பாள் என்று மிலேனா சொன்னாள். நியாயம்தான். அதனால் லாரியில் பன்னிரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். லேபிள் கிடையாது. குடித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. நன்றாக இல்லையென்றால் மெதுவாகச் சொல், எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
தார்சிசியோ


பிரன்ஸ்விக்,
15 ஜூலை 1990

அன்புள்ள அண்ணா,

நலமா? ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது, அடுப்படியில் நிற்பதால் நான் தப்பித்தேன்.

உன் பாட்டில்கள் வந்த திங்கட்கிழமை எனக்குக் கடை விடுமுறை. லாரிக்காரன் எதிர்க்கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சாயங்காலம் பந்தெலிஸ் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்றைத் திறந்தோம். அவர் முதல் வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். எனக்குத் திக்கென்றது. இரண்டாவது வாய்க்கு அப்புறம்தான் சொன்னார்.

"உங்க அண்ணனைப் பார்க்காமலே ஆளு தெரியுது. முதல்ல முறைப்பு. கொஞ்ச நேரம் கூட உக்காந்தா சிரிப்பு."

எனக்கும் அதேதான் தோன்றியது. நல்ல ஒயின் அண்ணா. சத்தியமாக நல்ல ஒயின். பெருமையாக இருந்தது, கண் கலங்கிவிட்டது.

ஆனால் லைசென்ஸ் இல்லாமல் ஒரு கிளாஸ்கூட விற்க முடியாதே. அதனால் வியாழக்கிழமைகளில் நாங்களே ஒவ்வொன்றாகக் குடிக்கிறோம். பந்தெலிஸ் தன் கடையை மூடியதும் அடுப்படி ஓரத்து மேசையில் வந்து சாப்பிடுவார். பாட்டிலை அவரே திறந்துகொள்வார். பழக்கதோஷத்தில் ஒரு டாலரை எடுத்து மேசையில் வைப்பார், நான் திருப்பித் தள்ளிவிடுவேன். இந்த வியாழன் ஆட்டுத்தொடை செய்தேன், நன்றாக வெந்திருந்தது.

அண்ணிக்கு என் அன்பு.

ஒர்னெல்லா


விட்ஃபீல்ட்,
24 ஜூலை 1990

அன்புத் தங்கைக்கு,

மாத்திரை போடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் இன்னொன்று போட்டேன்.

என் ஐம்பதாவது பிறந்தநாளை உன் கடையில் கொண்டாடினோம். நான் கொண்டுவந்த ஆறு பாட்டிலுக்கும் ஆறு டாலர் வாங்கினாய். "அண்ணனா இருந்தா என்ன, கார்க் எல்லாம் ஒரே கார்க்தான்" என்றாய். பாதர் சில்வானோ உன் கடையை மந்திரிக்க வந்தபோது அவர் பாட்டிலுக்கும் வாங்கினாய். அந்த மனிதர் இன்னும் பிரசங்கத்தில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட நீ ஒரு கிரேக்கனின் டாலரைத் திருப்பித் தள்ளுகிறாய்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. மிலேனாதான் கேட்கச் சொன்னாள். எத்தனை பேரைப் பெண் பார்க்க அனுப்பினோம்! ஒருத்தன் சத்தமாகச் சாப்பிடுகிறான், இன்னொருத்தன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான் என்று எல்லாரையும் விரட்டினாய். நாற்பத்தாறு வயதில் இப்போது என்ன நடக்கிறது?

நன்றாக இருக்கிறது என்று நீயே சொல்லிவிட்டாய். அப்புறம் என்ன தயக்கம்? லைசென்ஸுக்கு எழுதிப்போட்டாயா இல்லையா?

தார்சிசியோ


பிரன்ஸ்விக்,
16 செப்டம்பர் 1990

அன்புள்ள அண்ணா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பல்லைப் பிடுங்கிவிட்டேன். கூரை ஒழுகியது, சரிசெய்தாயிற்று. கடையில் கூட்டம் பரவாயில்லை. நல்ல கத்தரிக்காய்தான் கிடைப்பதில்லை.

நீங்கள் இருவரும் சுகமென்று நம்புகிறேன். வேறு விசேஷமில்லை.

ஒர்னெல்லா


பிரன்ஸ்விக்,
21 அக்டோபர் 1990

அன்புள்ள அண்ணா,

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? இல்லை, கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

லைசென்ஸுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன். இத்தனை நாள் இழுத்தடித்தது என் தப்பு. உன் தோட்டம் போனால் நான் எந்த முகத்தோடு உன் வீட்டுக்கு வருவேன்?

விதிமுறையெல்லாம் எனக்குப் புரியவில்லை. பந்தெலிஸ்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். நான் ஒயின் விற்க ஆரம்பித்தால் அவர் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும். "கீலாங்கில் தம்பி இருக்கான். அங்க ஒரு கடை காலியா இருக்காம்" என்றார், ஏதோ வானிலை சொல்வதுபோல.

இன்னொரு விஷயம். இந்த மாத ஆரம்பத்தில் லைசென்ஸ் அதிகாரி ஒருவர் வாடிக்கையாளர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு அவர் கடைக்கு வந்தாராம். பெரிய மூக்கு, முரட்டு ஆள், கேள்வி மேல் கேள்வி. என்னைப் பற்றி நல்லவிதமாகவே சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். அதனால் லைசென்ஸ் சீக்கிரம் வந்துவிடும். நீ கவலைப்படாதே.

இனிமேல் எல்லாருக்கும் ஒரே விதி. போன வியாழக்கிழமை பந்தெலிஸிடமும் கார்க் காசு வாங்கிவிட்டேன். அவர் இரண்டு டாலர் நாணயத்தை வைத்துவிட்டு, மீதி வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
ஒர்னெல்லா


விட்ஃபீல்ட்,
21 அக்டோபர் 1990

அன்புத் தங்கைக்கு,

நான் செத்துப்போகவில்லை. நன்றாகவே இருக்கிறேன், வெட்கம்தான் கொஞ்சம் அதிகம். எழுதலாமா கூடாதா என்று யோசித்தே நாள் போய்விட்டது. மிலேனா இன்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

செப்டம்பரில் நீ எழுதிய கத்தரிக்காய்க் கடிதத்தைப் படித்ததும் ஏதோ இருக்கிறதென்று தெரிந்துவிட்டது. நீ ஆறு வரியில் கடிதம் முடிக்கிற ஆளா? பஸ் ஏறினேன். உன் கடைக்கு வரவில்லை. நேராக எதிர்க்கடைக்குப் போனேன், அந்த ஆளை எடைபோட்டுப் பார்க்கலாமென்று. நான் யாரென்று சொல்லவில்லை.

"எதிர்ல சாப்பிடப் போறேன். நல்லதா, விலை ஒசத்தியா ஒரு பாட்டில் குடுங்க" என்றேன்.

"என்ன சாப்பிடப் போறீங்க?"

"முயல்."

"அப்ப ஒசத்தி வேண்டாம். அந்தம்மா செய்யற முயலுக்கு இது போதும். அதுக்கு மேல போனா சாப்பாட்டை மறந்துடுவீங்க" என்று பாதி விலையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கடைக்காரன் இப்படிப் பிழைத்தால் உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன். சரி, கிண்டிப் பார்ப்போமென்று கேட்டேன்.

"அங்க மறைச்சு வச்சு ஒயின் விக்கிறாங்களாமே?"

முகம் மாறிவிட்டது. கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

"ஐயா, நீங்க லைசென்ஸ் ஆபீஸ்லேருந்து வந்திருக்கீங்க. புரியுது. பதினோரு வருஷமா எதிர்லயே இருக்கேன். அந்தம்மா ஒரு சொட்டு வித்ததில்லை. பாதிரியார்கிட்டயே கார்க் காசு வாங்கினவங்க!"

"அப்படியா? கார்க் காசு உங்ககிட்டயும் வாங்குவாங்களா?"

காது சிவந்துவிட்டது அந்த ஆளுக்கு. அலமாரியில் பாட்டில்களை நேராக அடுக்கிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அவங்க லைசென்ஸ் கேட்டு எழுதப்போறாங்க. தயவுசெஞ்சு இழுத்தடிக்காம குடுத்துடுங்க. அவங்க அண்ணன் ரொம்பக் கஷ்டத்துல இருக்காரு. அந்த ஒயினை நான் குடிச்சிருக்கேன், அருமையான ஒயின்."

"குடுத்துட்டா உங்க கடை என்னாகும்?"

"மூடிட வேண்டியதுதான்."

"அவ்வளவு அருமைன்னா நீங்களே வாங்கி விக்கலாமே?"

"ஆசைதான். ஆனா இப்ப போய் நான் கேட்டா, லைசென்ஸ் எடுக்காதேன்னு அந்தம்மாவுக்கு லஞ்சம் குடுக்கற மாதிரி ஆகிடாதா? அவங்க அண்ணன் விஷயத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுக் கடை ஜன்னல் வழியாக எதிரே பார்த்தான். நீ வாசலில் நின்று அந்தப் பழைய பலகையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாய். துடைத்துவிட்டு இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாய். என்னைப் பார்த்தாயோ என்று பயந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். நீ பார்த்தது என்னையில்லை.

ஒர்னெல்லா, எனக்காகத் தன் வயிற்றில் தானே அடித்துக்கொள்ள ஒருத்தன் தயாராக நிற்கிறான், முன்பின் தெரியாத எனக்காக. நான் பாட்டுக்கு எட்டு டாலர் வாங்கு, எல்லாரையும் விரட்டு என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் எதுவும் போடாதே. எழுதியிருந்தால் கிழித்துப்போடு. அந்தப் பலகை அங்கேயே தொங்கட்டும். ஒயினை நான் அவருக்கு விற்கிறேன், மொத்தமாக விற்க எனக்கு அனுமதி இருக்கிறது. மிலேனா லேபிளுக்குப் படம் வரைய ஆரம்பித்துவிட்டாள். அதில் திராட்சைக் கொத்து வெங்காயம் மாதிரி இருக்கிறது, சொன்னால் அடிப்பாள். நானே அவருக்கு எழுதுகிறேன். என் வாயால் கேட்டால் அது லஞ்சமாகாது.

உன் முட்டாள் அண்ணன்,
தார்சிசியோ


பிரன்ஸ்விக்,
25 அக்டோபர் 1990

அண்ணா,

பெரிய மூக்கு என்றபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்!

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. அந்த விண்ணப்பத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று கைப்பையிலேயே சுமந்துகொண்டிருந்தேன். அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்தேன். டிராம்காரன் மணி அடித்துத் திட்டினான். கல்லாவில் அவருடைய இரண்டு டாலரை வைத்தேன்.

"மீதி வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

"இது மீதி இல்லை. முழுசு. உங்ககிட்ட நான் வாங்கியிருக்கவே கூடாது."

அப்புறம் உன் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அதிகாரி யாரென்று தெரிந்த இடத்தில் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கீலாங் போகணுமா?" என்று கேட்டேன்.

"போகச் சொல்றீங்களா?"

"இன்னைக்கு வியாழக்கிழமை. ஆட்டுத்தொடை வாங்கிட்டேன். தனியாத் தின்ன முடியாது. மத்த நாளும் முடியாது."

பெண் பிள்ளை இதற்கு மேல் என்ன சொல்வது? அவருக்குப் புரிந்துவிட்டது. நான் திரும்பி வந்து பார்த்தால் சாஸ் அடிப்பிடித்துக் கருகிப்போயிருந்தது. உன் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

அண்ணி, நீங்களாவது சந்தோஷமா என்று எழுதுங்கள்.

ஒர்னெல்லா


விட்ஃபீல்ட்,
12 டிசம்பர் 1990

அன்புத் தங்கைக்கு,

உன்னைப் பார்த்துவிட்டுப் பத்திரமாக வந்து சேர்ந்தோம். மிலேனா பஸ்ஸில் வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தாள். அவள் முழங்காலைவிட என் காதுதான் இப்போது வலிக்கிறது.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு புகார் இருக்கிறது. ஆசையாக என் ஒயினை எதிர்க்கடை ஜன்னலில் பார்த்தேன், வெங்காய லேபிளோடு. என் மேசைக்கு இரண்டு பாட்டில் கேட்டேன். பந்தெலிஸ் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், நான்தான் கௌரவம் பார்த்து முழு விலை கொடுத்தேன். தெருவைக் கடந்து உன் கடைக்கு வந்தால் பில்லில் 'கார்க், இரண்டு' என்று போட்டிருக்கிறது! சொந்த ஒயினைக் காசு கொடுத்து வாங்கி, சொந்தத் தங்கைக்குக் கார்க் காசும் கட்டியவன் இந்த விக்டோரியா மாநிலத்திலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். உன் ஹாலோரன் வேறு பக்கத்து மேசையிலிருந்து, "கார்க் இருக்கறதைக் கொண்டாந்தீங்கல்ல, கட்டுங்க" என்று சிரித்தார்.

பந்தெலிஸின் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சாப்பாட்டுக்கடைகளுக்கு எதிரே ஒயின் கடை வைத்திருக்கிறார்களாமே. அவர்களும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். முதல் தொட்டி காலி. மற்றவை அறுவடைக்குள் காலியாகிவிடும். ஊர்க்காரர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டு, புகையிலையை எப்படிப் பிடுங்குவது என்று கேட்டு வருகிறார்கள்.

நீ அவர் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து வைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
தார்சிசியோ


பிரன்ஸ்விக்,
20 ஜனவரி 1991

என் அன்பு அண்ணாவுக்கு,

வெயில் கொளுத்துகிறது. நீயும் அண்ணியும் மத்தியானத்தில் தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். இவ்வளவு நன்றாக இருந்து எனக்குப் பழக்கமில்லை, அதனால் தினமும் ஏதாவது ஒரு தட்டை உடைக்கிறேன்.

கல்யாணம் பிப்ரவரி மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பாதர் சில்வானோவும் பந்தெலிஸின் கிரேக்கப் பாதிரியாரும் சேர்ந்தே நிற்கச் சம்மதித்துவிட்டார்கள். பாதர் சில்வானோ ஒரே ஒரு நிபந்தனை போட்டார், அவர் பாட்டிலுக்குக் காசு வாங்கக் கூடாதாம். பார்க்கலாம் என்றேன்.

விருந்து நம் கடையில்தான். பந்தெலிஸின் சொந்தக்காரர்கள் மட்டும் அறுபது பேர். எல்லாரும் பாட்டில் கொண்டுவருகிறார்கள். கல்யாணத்துக்கும் கார்க் காசு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று சொல்லிவிட்டேன். ஹாலோரன் பெட்டியோடு வருகிறார், அவருக்குத் தலைக்கணக்கு.

உன்னிடம் மட்டும் வாங்கப்போவதில்லை. ஏனென்றால் நீ பாட்டில் கொண்டுவரக் கூடாது, அண்ணா. உன் ஒயினைக்கூட. என்னைக் கூட்டிப்போய் விட அப்பா இல்லை. சர்ச் வாசலிலிருந்து பந்தெலிஸ் நிற்கிற இடம்வரை நான் தனியாக நடக்க மாட்டேன். அன்றைக்கு ஒருநாள் நீ வெறுங்கையோடு வா. உன் கை எனக்கு வேண்டும்.

உன் தங்கை,
ஒர்னெல்லா